சிந்தாத தண்ணீர்

"காலையிலயே ஒருக்கா வந்துட்டுப் போயிருச்சில்ல, இனிப் பொழுது சாயற வரைக்கும் வராது, நீங்க தகிரியமா ஓட்டுங்க மாமா" என்று தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் சொன்னது. இந்தப் பக்கம் நான் குனிந்து குழாயில் டம்ளரை நிரப்பிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பிறர் பேச்சு காதில் விழுந்தாலே நான் எதையோ திருடிவிட்டதுபோல் எனக்கு முகம் சுடும். குழாயை மூடி நிமிர்ந்தபோது அங்கே ஆள் இல்லை. சிமெண்டுத் தரையில் ஈரச் செருப்புத் தடம் மட்டும் இருந்தது, அதுவும் நான் பார்க்கப் பார்க்க வெயிலில் உலர்ந்துகொண்டிருந்தது. எது வந்துவிட்டுப் போனது? தண்ணீர் லாரி வரும், போகும். கரண்ட் வரும், போகும். காய்ச்சல், வயிற்றுவலி, கோபம், சாமி. பெயர் சொல்லக் கூசுகிற எல்லாவற்றையும் நாங்கள் வந்தது, போனது என்றுதான் சொல்கிறோம். ஓட்டுங்க என்றாள். அப்படியானால் அந்த மாமா இன்று ஓட்டிக் காட்ட வந்திருக்கிற ஆட்களில் ஒருவர். எவராக இருந்தாலும் அவருக்குப் பின்னால் உட்காரப் போகிறவள் நான்.

எங்கள் கம்பெனி பெண்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மட்டும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிற கம்பெனி. ஓட்டுவதற்குப் புதிதாக வருகிறவர்களைச் சனிக்கிழமைகளில் சிங்காநல்லூரில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கின் வாசலில் வைத்துச் சோதிப்பார்கள். எட்டுப் போட வேண்டும். கயிறு கட்டிய சந்தில் கால் ஊன்றாமல் ஊர்ந்து வர வேண்டும். விசில் அடித்தால் நிற்க வேண்டும். அதையெல்லாம் மருதாசலம் அண்ணன் பார்த்துக்கொள்வார். செட்டிபாளையத்துப் பந்தயத் திடலில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். எட்டுப் போடக் குரங்கைக்கூடப் பழக்கிவிடலாம், ரோட்டில் எப்படி ஓட்டுகிறான் என்பதைத் தண்ணீர்தான் சொல்லும் என்பது அவர் கட்சி. கடைசிச் சோதனைக்கு அதனால்தான் நான். எவர்சில்வர் டம்ளரில், உள்ளே கீறியிருக்கிற கோடுவரை தண்ணீர் பிடித்துக் கையில் ஏந்திக்கொண்டு பின்னால் உட்கார வேண்டும். ஒண்டிப்புதூர் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்தில் பாட்டிலிலிருந்து மறுபடி கோடுவரை நிரப்பிக்கொள்வேன். வாசலுக்கு வந்து சேரும்போது டம்ளரில் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுதான் மார்க். குலுக்கி பிரேக் போடுகிறவன், கியரில் தடுமாறுகிறவன், குழியைப் பார்க்காதவன் எல்லாரையும் டம்ளர் காட்டிக்கொடுத்துவிடும். "பின்னாடி உக்காந்தா பேசக்கூடாது, தோளைத் தொடக்கூடாது, சாயக்கூடாது. பொணமாட்ட உக்காரோணும் அம்மிணி" என்றார் முதல் நாளே. வேலைக்கு எடுத்தபோதும் அப்படித்தான். உளவியலில் முதுகலை என்று நான் முணுமுணுத்ததை, "படிப்பு கெடக்கட்டும், எடை எவ்வளவு?" என்று தள்ளிவிட்டார். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. பின்னால் உட்கார்ந்தால் என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கல்லூரியிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தை எல்லாரும் கண்ணாடி பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். முதுகை அப்படித் திருத்திவைத்துக்கொண்டு வருகிறவர்கள் இல்லை.

இன்று முதலில் வந்த பையன் பாதித் தண்ணீரை என் மடியில் கொட்டினான். "ஏப்பா, பின்னாடி உக்காந்திருக்கறது பொம்பளப்புள்ள, புண்ணாக்கு மூட்டையில்ல" என்று மருதாசலம் அண்ணன் அவனைத் திட்டிவிட்டு, என்னிடம், "காலைல குளிச்சுட்டு வந்தயா, இல்ல இதானா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு, இவனா அந்த மாமா என்று நினைத்தேன். இவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. அடுத்தவருக்கு அடிக்கடி இருமல் வந்தது. இருமலாக இருக்குமோ? இருமலுக்கு யாராவது பொழுது சாயற வரைக்கும் என்று கணக்குச் சொல்வார்களா? அப்புறம் வெள்ளிங்கிரி. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர், மில் மூடி ஒரு வருஷம் ஆகிறது என்றார். "மில்லுல என்ன வேலை, மிசினா?" என்று மருதாசலம் அண்ணன் கேட்டதற்கு, "மொதல்ல மிசினுங்க, அப்பறம் கூட்டற வேலைக்கு மாத்திட்டாங்க" என்றார். ஏன் மாற்றினார்கள் என்று அண்ணன் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது, எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். மெஷினில் நின்றவரை ஏன் துடைப்பத்துக்கு மாற்றுகிறார்கள்? எட்டை நன்றாகவே போட்டார், நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, கோலத்தில் இழை இழுக்கிற பெண்ணைப்போல். "இன்னைக்கு எவன் தண்ணிய மிச்சம் வெக்கறானோ அவனுக்குத் திங்கக்கெழமையிருந்து பள்ளிக்கூட டிரிப்பு. எம் பேத்தியவே மொத ஆளா ஏத்தி உடறேன்" என்று அண்ணன் சத்தமாகச் சொன்னார். சுவரோரம் ஒதுங்கி நின்ற ஒரு பெண் அதைக் கேட்டதும் கையில் இருந்த மஞ்சள் பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டதைப் பார்த்தேன்.

வண்டி கிளம்பியது. என் வலது கையில் டம்ளர், இடது கை பின்னால் கம்பியைப் பிடித்திருந்தது, எனக்கு முன்னால் அந்த முதுகு. வெளுத்த நீலச் சட்டை, கழுத்தோரம் புதிதாக மழித்த இடத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. பாவம், பள்ளிக்கு முதல்நாள் போகிற பிள்ளையைப்போல் யாரோ பூசி அனுப்பியிருக்கிறார்கள். இடது முழங்கையில் சிராய்ப்பு. புதியது. மேலே மஞ்சள் அப்பி, அது காய்ந்து வெடித்து, வெடிப்பு வழியாகச் சிவப்பு தெரிந்தது. காலையிலயே ஒருக்கா. கூடாது, இப்படி ஒன்றை இன்னொன்றோடு முடிச்சுப் போடக் கூடாது. மனிதர்கள் விழுகிறார்கள், கதவில் இடித்துக்கொள்கிறார்கள், சிராய்ப்பு யாருக்கில்லை? அவர் மோசமாக ஓட்டினார். மோசம் என்றால் பயந்துபோன மோசம். ஆட்டோ தூரத்தில் வந்தாலே பிரேக்கைத் தொட்டார், தொட்டுவிட்டு எடுத்தார், மறுபடி தொட்டார். தண்ணீர் முன்னும் பின்னுமாக டம்ளரின் விளிம்பை நக்கியது, என் கட்டைவிரல் நனைந்தது, மணிக்கட்டு நனைந்தது. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், காற்றில் துண்டு துண்டாக எனக்குக் கேட்டது. "லாரி போகட்டும்... போகட்டும்... இப்பப் போ... கிளச்சு..." தனக்குத்தானே ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு போனார். பாலத்தில் ஏறி இறங்கினோம். ஒன்றும் ஆகவில்லை. பார், ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்ரோல் பங்க் பக்கத்தில் நிறுத்தியபோது டம்ளரில் பாதிகூட இல்லை. அவர் அதைப் பார்த்தார். "இது கணக்கில்லீங்களே?" என்றார். இல்லை என்று தலையாட்டி, பாட்டிலைச் சரித்துக் கோடுவரை நிரப்பினேன். அவர் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார், இரண்டு கையையும், பல தடவை.

தண்ணீர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பூங்கொடி சித்தி நினைவில் வந்தாள். ஏன் வந்தாள் என்று தெரியவில்லை. எவர்சில்வர் மினுமினுப்பாக இருக்கலாம். சித்தி அடுப்பின் முன்னால் நிற்பாள், கையில் கரண்டி நிறைய மாவு, கல்லுக்கு மேலே ஒரு முழ உயரத்தில். ஊற்ற மாட்டாள். நான் கீழே தட்டோடு உட்கார்ந்திருப்பேன். சித்தி, சித்தி என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கண் திறந்தே இருக்கும். வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல் லேசாக அசையும். கல் காய்ந்து புகையும். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு மாவு விழாது. அதுதான் எனக்கு அப்போது அதிசயமாக இருந்தது, எவ்வளவு நேரம் கை நடுங்காமல் நிற்கிறாள் என்று. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் மாவை ஊற்றி வட்டமாக இழுத்துவிட்டு, "என்ன கண்ணு, பொடி வெக்கட்டுமா?" என்பாள். எங்கள் வீட்டில் அதற்கு யோசனை என்று பெயர். சித்தி யோசனையில் இருக்கிறாள், தொந்தரவு பண்ணாதே. அம்மாதான் அந்தப் பெயரை வைத்தாள். வேறு பெயர் வைத்தால் பெண் பார்க்க வருவார்களா? வந்தார்கள், பார்த்தார்கள், அழகாகக் காப்பி கொடுக்கிறாள், கை ஆடவில்லை என்றார்கள். கல்யாணமான வருஷமே ஒரு நாள் வாய்க்கால் படியில் துணியை அலசிக்கொண்டிருந்தபோது யோசனை வந்தது. அவளை எடுத்துக் கரையில் கிடத்திய பிறகு, முழங்காலளவுதான் தண்ணீர் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். முழங்காலளவுதான், முழங்காலளவுதான் என்று. ஏறுங்க அம்மிணி என்றார் வெள்ளிங்கிரி. ஏறினேன்.

திரும்பி வருகிற வழியில் வெயில் எதிரே இருந்தது. பாலத்தின் ஏற்றம் தொடங்குமுன் அவர் வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டு ஒரு சைக்கிளைத் தாண்டினார், அதை அணைக்க மறந்துவிட்டார், அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டே வந்தது. ஏற்றத்தில் பிரேக்கைத் தொட்டார், எடுத்தார், தொட்டார், தண்ணீர் ஆடியது. பிறகு ஆடவில்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காதுவரை ஏறி நின்ற தோள்கள் இறங்கிவிட்டன, முணுமுணுப்பு நின்றுவிட்டது, அப்பாடா, பயம் விட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். தண்ணீரைப் பார்த்தேன். இவ்வளவு நாளில் நான் அப்படிப் பார்த்ததில்லை. அதில் ஒரு வரி இல்லை, ஒரு நடுக்கம் இல்லை, கிணற்றின் அடியில் இருக்கிற தண்ணீர்போல் இருந்தது, நடுவில் சூரியன் வெள்ளைப் பொட்டாக அப்படியே நின்றது. எத்தனை நன்றாக ஓட்டுகிறார். எத்தனை நன்றாக. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை, ஒதுங்கவில்லை, விரல்கூட அசையவில்லை. கைப்பிடியில் அந்த விரல்கள் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, வைக்கப்பட்டிருந்தன. மறுபடி ஹாரன். கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் கண் திறந்திருந்தது. வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது.

தொடக்கூடாது. பேசக்கூடாது. இது எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியவில்லை, ஒரு பெருமூச்சின் நேரமாக இருக்கலாம், ஆனால் அதற்குள் எத்தனையோ ஓடிற்று. முன்னால் கோழிக்கூண்டு ஏற்றிய வண்டி, கூண்டுக்குள்ளிருந்து ஒரு கோழி கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது. இடது பக்கம் பாலத்தின் கைப்பிடிச் சுவர், அது எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது, நாங்கள் அதை நோக்கிப் போகவில்லை, அது வந்தது, அவசரமில்லாமல், தெரிந்தவர் வருவதுபோல். சுவருக்கு அப்பால் கீழே தண்டவாளம். நிறுத்துங்க என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் தொண்டையில் இருந்தது, முழுதாக, நன்றாக எழுதி வைத்ததுபோல் இருந்தது, வெளியே வரவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்லவே எனக்கு இரண்டு தடவை எடுக்கும். தோளைத் தொட்டால்? தொட்டால் திடுக்கிட்டு விழிப்பார், விழித்தால் கை முறுக்கும், முறுக்கினால் சுவர். தொடாவிட்டாலும் சுவர். சித்தியைத் தொட்டால் என்ன ஆகும்? நாங்கள் யாரும் தொட்டதில்லை, கல் புகைந்தால் புகையட்டும் என்று தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்போம். கம்பியைப் பிடித்த என் இடது கை விரல்கள் சுவரின் வெப்பத்தை உணர்ந்தன. தண்ணீர் அசையவில்லை. எனக்கு அந்த நேரத்தில் எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது அதுதான். இந்த வண்டியை இப்போது ஓட்டுகிற ஆள் இல்லை, அதனால்தான் இவ்வளவு அமைதி. யோசித்துக்கொண்டே இருந்தேன், பிணம்போல் உட்கார்ந்துகொண்டு, டம்ளரை நேராகப் பிடித்துக்கொண்டு. ஆமாம், நேராகத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போல் அவர் தோள் மெல்ல ஏறியது. வண்டி தானாகவே நினைத்துக்கொண்டதுபோல் சுவரை விட்டு விலகியது. பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது, அதிலிருந்து ஒருவர் கையை நீட்டித் திட்டினார். இறக்கம் வந்தது, முடிந்தது, கடைகள் வந்தன. இண்டிகேட்டர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங் அம்மிணி, பாலம் இன்னும் வரலீங்களா?" என்றார் வெள்ளிங்கிரி.

தாண்டிட்டோம் என்றேன். அது வெளியே வந்ததா என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் அவர் கழுத்து அதைக் கேட்டது. பவுடருக்குக் கீழே வியர்வை புறப்பட்டு, பவுடரை வரிவரியாக அரித்துக்கொண்டு சட்டைக்குள் இறங்கியது. அதன்பின் அவர் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். முணுமுணுக்கவில்லை, பிரேக்கைத் தொடவில்லை, கோயில் தேர்போல் வண்டி ஊர்ந்தது. சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. கிடங்குக்குத் திரும்புகிற தெரு வந்ததும், முகத்தைத் திருப்பாமலே, "தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கு என்றேன். "அப்படியேவா?" "அப்படியே." கொஞ்ச தூரம் போனார். "அப்பச் சரிங்க" என்றார். அந்தச் சரி எனக்குச் சொன்னதா, தனக்கா? அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அந்த முதுகு முழுவதும் காது வைத்துக்கொண்டு கேட்டது. சொல்ல வேண்டும். சொன்னால் துடைப்பம்கூடக் கிடையாது. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை இந்த இடத்தில், நான் உட்கார்ந்திருக்கிற இந்தச் சூடான ரெக்சினில், பையை மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் உட்காருவாள், அவள் கையில் டம்ளர் இருக்காது, எப்போது ஆட்டம் நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

வாசலில் இறங்கினேன். மருதாசலம் அண்ணன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், மறுபடி டம்ளரைப் பார்த்தார். "அட! கோட்டுலயே நிக்குது! திரும்பி வாரப்ப மறுக்கா ஊத்துனயா அம்மிணி?" இல்லை என்று தலையாட்டினேன். "டேய் பசங்களா, வந்து பாருங்கடா, இதுக்குப் பேருதான் ஓட்டறது. எருமை மேய்க்கப் போங்கடா நீங்கெல்லாம்!" பையன்கள் வந்து பார்த்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். நான் வாயைத் திறந்தேன், அண்ணா என்று தொடங்கினேன், அந்த அண்ணாவை யாரும் கேட்கவில்லை, அண்ணன் அதற்குள் கம்பெனியின் மஞ்சள் மேல்கோட்டை எடுத்து வந்து வெள்ளிங்கிரியின் தோளில் போட்டு, "மாட்டு, மாட்டு, பள்ளிக்கூடம் எங்கன்னு காட்டறேன், இப்பவே ஒரு நடை போயிட்டு வந்துரலாம், எம் பேத்தியும் அங்கதான் டியூசன்ல இருக்கறா, ஏத்திட்டு வந்துரு" என்றார். வெள்ளிங்கிரி கோட்டை மாட்டினார். பித்தான் போட விரல் வரவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. இப்பவே ஒரு நடை. நான் இன்னொரு தடவை அண்ணா என்றேன். டம்ளர் என் கையில் ஆடியது, இப்போது ஆடியது, தரையில் நின்றுகொண்டிருக்கும்போது.

சுவரோரம் நின்ற பெண் பையோடு என்னிடம் வந்தாள். அவள் இரண்டு உள்ளங்கையிலும் சிராய்ப்பு, மஞ்சள். டம்ளருக்குள் பார்த்தாள். எல்லாரும் பார்த்ததைப்போல் அல்ல, நெடுநேரம், கிணற்றுக்குள் விழுந்த சாமானைத் தேடுகிறவளைப்போல் பார்த்தாள். "நாந்தானுங்க வீட்டுக்காரி, சாந்தாமணி" என்றாள். தொட்டிக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல். "ஒரு வாரமாச் சொம்புல தண்ணி புடிச்சுட்டு நாந்தான் பின்னாடி உக்காந்து பழக்குனேன். பாதிக்கு மேல மிஞ்சுனதேயில்ல. இன்னைக்குக் காலைல குளத்துமேட்டுல மட்டும் தண்ணி அசையாம நின்னுது. அட, பழகிட்டாரேன்னு சந்தோசப்பட்டேன். அப்பறந்தான் விழுந்தோம்." அவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். எப்போதும் நான் கீழே பார்த்துவிடுவேன், இப்போது முடியவில்லை. "எங்க வெச்சு, கண்ணு?" என்றாள், மிகவும் மெதுவாக.

"பாலத்துல" என்றேன். தெளிவாக வந்தது.

அந்தப் பக்கம் மருதாசலம் அண்ணன் தன் வண்டியை உதைத்துக் கிளப்பி, "வா வெள்ளிங்கிரி, பொறகாலயே வா" என்று கத்தினார். வெள்ளிங்கிரி ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். சாந்தாமணி மஞ்சள் பையை என் காலடியில் வைத்துவிட்டு அவரிடம் நடந்து போனாள். அவர் அவளைப் பார்த்து, "என்ன புள்ள?" என்றார். அவர் கை கைப்பிடியில் இருக்கும்போதே குனிந்து சாவியைத் திருகி உருவினாள். திரும்பி வந்து, அதை என் டம்ளருக்குள் போட்டாள்.